சுவருக்கு வாசல் வைத்தவருக்கு

கல்லும் கலவையும் கைவந்த கட்டுமானக் கலைஞரே, நீர் ஓடும் திசையையும் நிலம் சரியும் வாட்டத்தையும் நின்ற இடத்திலிருந்தே நிறுத்துச் சொல்லும் நிபுணரே, எங்கள் பல்கலைக்கழகக் கட்டட, தோட்டப் பராமரிப்புத் துறையின் தலைமைப் பொறியாளர் அவர்களே, எல்லோருக்கும் மேலதிகாரியாக வந்து எல்லோருக்கும் அக்காவாகவே ஆகிவிட்ட எங்கள் ‘ஏன் அக்கா’வே, வணக்கம்.

முப்பத்தோர் ஆண்டுப் பணியை முடித்து இன்று விடைபெறும் தங்களுக்கு, முறைப்படி புகழுரைகளை மட்டும் தொடுத்து ஒரு மடல் வாசிக்கவே எண்ணியிருந்தோம். சென்ற வாரம் தாங்கள் எங்கள் அறைக்கு வந்து, "புகழ்ந்து மட்டும் எழுதினீங்கன்னா அது நேரா பரணுக்குத்தான் போகும். நடந்ததை எழுதுங்க. நான் சொதப்பினதையும் சேர்த்து எழுதுங்க" என்று சொல்லிவிட்டீர்கள். உத்தரவு உத்தரவுதான். இன்னொன்று. தாங்கள், தங்கள் என்று கடைசிவரை எழுதினால் எங்களுக்கும் தாங்காது, கேட்பவர்களுக்கும் தாங்காது. இனி நீங்கள் என்றே எழுதுகிறோம். மரியாதை குறைந்துவிட்டதாக எவரும் கருத வேண்டாம்.

இளநிலைப் பொறியாளராக இங்கே நீங்கள் சேர்ந்தபோது இந்த வளாகத்தில் மழை பெய்தால் நூலகத்துக்குப் படகில்தான் போக வேண்டும் என்று மாணவர்கள் கேலி செய்வார்கள். நீங்கள் வடிகால் வெட்டினீர்கள். வளைந்து நெளிந்து கிடந்த வேலியை எடுத்துவிட்டு நூல் பிடித்தாற்போல் சுற்றுச்சுவர் எழுப்பினீர்கள். புல்தரைகளை ஒட்ட வெட்டச் சொன்னீர்கள். உதிர்ந்த இலை அன்றே எரிக்கப்பட்டது. வாரம் தவறாமல் பூச்சிமருந்து அடிக்கப்பட்டது. வெளியிலிருந்து வருகிறவர்கள், இது பல்கலைக்கழகமா வரைபடமா என்று வியந்தார்கள். அந்த வியப்பில் உங்களுக்குப் பெருமை இருந்தது. இருக்க வேண்டியதுதான்.

ஆனால் உங்களை மற்ற அதிகாரிகளிடமிருந்து பிரித்துக் காட்டியது வேறொன்று. குழாய் ஒழுகுகிறது என்று வந்து நின்றால், சரிசெய்யுங்கள் என்று மற்றவர்கள் சொல்வார்கள். நீங்கள் மட்டும், அது ஏன் அந்த இடத்தில் ஒழுகுகிறது என்று கேட்பீர்கள். மின்விசிறி சுற்றவில்லை என்றால் ஏன், சுற்றுகிறது என்றால் அதுவரை ஏன் சுற்றவில்லை என்று கேட்பீர்கள். விடுப்பு கேட்டு வந்தவர்களிடம் மட்டும் ஏன் என்று கேட்டதே இல்லை. அதை இங்கே நன்றியோடு பதிவு செய்கிறோம்.

அந்தக் கேள்விக்குணம் உங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் இந்த மடல் சொல்ல வந்தது.

எங்கள் புல்வெட்டும் ஊழியரை இந்த அவை அறியும். எந்திரத்தின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகியவர் என்பதால் எந்திரம் ஓடாதபோதும் அதே சுருதியில் பேசுவார். ‘வானொலி’ என்றால்தான் பலருக்குத் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில், நூலகத்தின் பின்புறமுள்ள வடிகால் தொட்டிக்குள் யாரோ தேய்க்கும் பிரஷ்ஷைப் போட்டுவிட்டார்கள் என்று அவர் குனிந்து எடுக்கப் போனார். பிரஷ் மூச்சு விட்டது. அவர் போட்ட சத்தத்தில் நிர்வாகக் கட்டடத்தின் சன்னல்கள் வரிசையாகத் திறந்தன.

முள்ளெலி. பந்துபோல் சுருண்டு, தொட்டியின் மூலையில் ஒட்டிக் கிடந்தது. வாளியால் அள்ளி வெளியே விடலாம் என்றார் ஒருவர். தொட்டால் முள் பாயும் என்று பயமுறுத்தினார் இன்னொருவர். நீங்கள் வந்தீர்கள். தொட்டிக்குள் இறங்கினீர்கள். முள்ளெலியைப் பார்ப்பதற்கு முன் சுவரைத் தடவிப் பார்த்தீர்கள்.

"இது ஏன் ஏறி வரல?"

பதில் உங்கள் விரலுக்கடியிலேயே இருந்தது. நகம் பதிய இடமில்லாமல் கண்ணாடிபோல் பூசிய சிமெண்டு. அந்தப் பூச்சுக்காகவே அந்த ஆண்டு உங்களுக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்திருந்தது.

இப்போது நீங்கள் எழுதச் சொன்ன சொதப்பலுக்கு வருகிறோம். முள்ளெலியைக் கித்தான் துணியில் பொதிந்து நம் அலுவலகத்தின் பொருளறைக்குக் கொண்டுவந்தீர்கள். பசித்த உயிருக்கு நல்ல மனம் என்ன கொடுக்கும்? பால் கொடுத்தீர்கள். அது நன்றாகவே குடித்தது. நாமெல்லோரும் வாசலில் நின்று மகிழ்ந்தோம். மறுநாள் அதற்கு வயிற்றுப்போக்கு கண்டது. கால்நடை மருத்துவர் வந்து சேர்வதற்குள் மிகவும் தளர்ந்துவிட்டது. அவர் எவ்வளவோ முயன்றும் பிழைக்கவில்லை.

மருத்துவர் உங்களைக் கடிந்துகொள்ளவில்லை. பால் இதற்குச் செரிக்காது, பலருக்கும் தெரியாது, வெறும் தண்ணீர் வைத்தால் போதும் என்று மெதுவாகச் சொன்னார். போகும்போது, தொட்டியில் விழுவதற்கு முன்பே இது எலும்பும் தோலுமாகத்தான் இருந்திருக்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்கள் அதை ஆறுதலாக எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் அவரைப் படிக்கட்டில் மறித்தீர்கள்.

"இது என்ன சாப்பிடும் டாக்டர்?"

"வண்டு, புழு, கம்பளிப்பூச்சி. தரையில ஊர்றது எல்லாம்."

"இவ்ளோ பெரிய வளாகத்துல அது ஏன் இதுக்குக் கிடைக்கல?"

அதைப் பூச்சி படித்தவர்களிடம்தான் கேட்க வேண்டும் என்று அவர் கையை விரித்தார். நீங்கள் அன்று மதிய உணவுக்குப் போகவில்லை. முள்ளெலியை மதில் ஓரம் புதைத்துவிட்டு, நேரே விலங்கியல் துறைக்குப் போனீர்கள்.

பூச்சியியல் பேராசிரியர் அவர்கள் இந்த மேடையிலேயே அமர்ந்திருக்கிறார். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறோம். நம் வளாகத்தில் என்னென்ன பூச்சிகள் இருக்கின்றன என்று நீங்கள் கேட்டதும் அவர் சற்று யோசித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். மலை மலையாக ஏறி, காடு காடாகத் திரிந்து பூச்சி சேர்த்தவர் அவர். தன் அறைக்கு வெளியே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை என்றார். அன்று மாலையே இருவரும் புல்தரையில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு அதன் முன் ஒரு விளக்கைப் பொருத்தினீர்கள். வேட்டி உங்கள் கணவருடையது. சொல்லாமல் எடுத்து வந்தது என்பது பிற்பாடு தெரிய வந்தது.

காட்டில் இப்படிச் செய்தால் சற்று நேரத்தில் துணி தெரியாமல் பூச்சி மொய்க்குமாம். இங்கே வந்தவை நான்கைந்து கொசுக்களும் ஒரு சாம்பல்நிற அந்துப்பூச்சியும். பேராசிரியர் வேட்டியைப் பார்த்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார். ஒட்ட வெட்டிய புல், பெருக்கி எரித்த தரை, பகல்போல் எரியும் விளக்குக் கம்பங்கள். வாரா வாரம் மருந்து அடிக்கிறார்களா என்று கேட்டார். ஆம் என்றீர்கள். அடிக்கச் சொன்னது யார் என்று கேட்டார்.

"நான்தான். எல்லாத்துலயும் என் கையெழுத்துதான் இருக்கு."

அதைச் சொன்ன குரலில் வருத்தத்தைவிட ஆர்வம்தான் அதிகம் இருந்தது என்று பேராசிரியர் இன்றைக்கும் சொல்கிறார். தான் கட்டிய கணக்கில் எங்கே பிழை என்று கண்டுபிடித்துவிட்ட மாணவியின் குரல்போல இருந்ததாம்.

அதற்குப் பின் எங்களுக்கு வந்த உத்தரவுகள் எங்களைத் திக்குமுக்காட வைத்தன. மருந்தை நிறுத்துங்கள். இலையை எரிக்காதீர்கள், நூலகத்தின் பின்னால் குவியுங்கள். பட்ட மரக்கட்டைகளை அகற்றாதீர்கள். அங்கே புல் தன் இஷ்டத்துக்கு வளரட்டும். விளக்குகளுக்குத் தொப்பி போட்டு ஒளியைத் தரைப்பக்கம் திருப்புங்கள். வடிகால் தொட்டி ஒவ்வொன்றிலும் சொரசொரப்பான பலகையைச் சாய்த்து வையுங்கள். நேற்றுவரை வேலை என்று செய்ததையெல்லாம் இன்று செய்யாமலிருப்பதே வேலை என்றால் யாருக்குத்தான் தலை சுற்றாது? வானொலிதான் அதிகம் தவித்தார். எந்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழங்கால் உயரப் புல்லைப் பார்த்து நிற்பது, பசியோடு விருந்தைப் பார்த்து நிற்பதுபோல இருக்கிறது என்றார்.

அதோடு விட்டீர்களா? உங்கள் கண்ணின் கருமணியான சுற்றுச்சுவரில், தரையோடு தரையாக, உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை போடச் சொன்னீர்கள். முள்ளெலி இரை தேடி வெகுதூரம் நடக்குமாம். சுவர் குறுக்கே வந்தால் அதன் ஓரமாகவே போய்க்கொண்டிருக்குமாம். சுவரோரம் போனால் நூலகத்துத் தொட்டி. இதுதான் நடந்திருக்கிறது என்று நீங்கள் குச்சியால் மண்ணில் வரைந்து காட்டினீர்கள்.

பாதுகாப்பு அதிகாரி ஒப்புக்கொள்ளவில்லை. ஓட்டை இல்லாததற்குப் பெயர்தான் சுவர் என்பது அவர் கட்சி. அதில் நியாயமும் இருந்தது. நீங்கள் வாதாடவில்லை. முதல் ஓட்டையை மட்டும் போட்டுவிட்டு, எந்தத் திருடனால் இதில் நுழைய முடியும் என்று நீங்களே சோதித்துச் சொல்லுங்கள் என்று அவரை அழைத்தீர்கள். அவர் கடமை தவறாதவர். மண்டியிட்டுத் தொப்பியை நுழைத்துப் பார்த்தார். தொப்பியே நுழையவில்லை. எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, மற்ற ஓட்டைகளும் இதே அளவில்தான் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாம் இப்படி இனிதாகவே நடந்திருந்தால் இந்த மடல் இங்கேயே முடிந்திருக்கும். அந்த ஆண்டு தர மதிப்பீட்டுக் குழு வரவிருந்தது. வளாகம் காடாகிவிட்டது, பராமரிப்புத் துறை தூங்குகிறது என்று புகார்கள் குவிந்தன. நூலகத்தின் பின்னுள்ள இலைக்குவியலை அகற்றி எரித்து, புல்லை வெட்டிச் சமன்செய்ய வேண்டும் என்று பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஆணை வந்தது. உங்கள் பதவி உயர்வு அப்போது அதே அலுவலகத்தின் மேசையில் இருந்தது. அது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். எங்களில் இரண்டு பேர் உங்களிடம் வந்து, இலைதானே அக்கா, அடுத்த ஆண்டும் உதிரும் என்று சொல்லிப் பார்த்தோம். நீங்கள் மறுத்துப் பேசவில்லை. எரிப்பதற்கு முன் பதிவாளர் ஒருமுறை நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டு அனுப்பினீர்கள்.

அவர் வந்தார். மெருகேற்றிய காலணியோடு, முகத்தில் அவசரத்தோடு வந்தார். குவியலுக்குள் முள்ளெலி இருக்கும், அதைக் கண்டால் மனம் மாறிவிடுவார் என்று நாங்கள் நம்பினோம். நீங்களும் நம்பினீர்கள் என்றே நினைக்கிறோம். கையாலேயே இலைகளை விலக்கினீர்கள். மேல் அடுக்கு காய்ந்திருந்தது, நடு அடுக்கு ஈரமாயிருந்தது, அடி அடுக்கு கறுத்து மண்ணாகியிருந்தது. தரை தெரிந்தது. முள்ளெலி இல்லை.

எங்களுக்கு முகம் செத்துவிட்டது. பதிவாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திரும்பப் போனவர் காலடியில் எதையோ கண்டு நின்றார். கட்டைவிரல் பருமனில் வெள்ளை வெளேரென்று ஒரு புழு, கொக்கிபோல் வளைந்து கிடந்தது.

"இது என்ன?"

"தெரியல சார். ஏதோ வண்டோட புழு."

"எந்த வண்டு?"

"அதுவும் தெரியல. பேராசிரியர் தேர்வு வேலையில இருக்காங்க."

"தெரியாமலேயா இவ்ளோ நாள் இதைக் காப்பாத்திட்டு இருந்தீங்க?"

"தெரியாததாலதான் சார்."

பதிவாளர் குனிந்தார். குனிந்தவர் குந்தினார். ஒரு குச்சியை எடுத்து, புழுவை நோகாமல் இலைமண்ணோடு சேர்த்துத் தன் கைக்குட்டையில் எடுத்துக்கொண்டார்.

ஆணையை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்று எழுத எங்களுக்கும் ஆசைதான். பெறவில்லை. எரிக்க வேண்டாம், குழுவின் கண்ணில் படாத இடத்துக்குக் குவியலை மாற்றுங்கள் என்றார். புல்லை வெட்டத்தான் வேண்டியிருந்தது. வானொலிகூட அன்று மகிழ்ச்சியில்லாமல்தான் வெட்டினார். ஆணையை உடனே நிறைவேற்றவில்லை என்று உங்களுக்கு ஒரு கண்டிப்புக் குறிப்பும் வந்தது. பதவி உயர்வு தள்ளிப்போனது. நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

அந்தப் புழு என்ன ஆனது என்பதும் சொல்லப்பட வேண்டும். அது ஒரு கண்ணாடிக் குடுவையில், இலைமண்ணுக்குள், பதிவாளரின் மேசைமேல் கோப்புகளுக்கு நடுவே பல மாதங்கள் இருந்தது. ஏதோ ஒரு கூட்டத்தின் நடுவில் குடுவைக்குள் பச்சைப் பட்டுபோல் மின்னிக்கொண்டு ஒரு வண்டு வெளியே வந்ததாம். விவாதத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு அவர் தானே சன்னலைத் திறந்து அதை விட்டாராம். மறுநாள் உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னது ஒரே வாக்கியம்: "பச்சை கலர் மேடம், இனிமே யாராவது கேட்டா சொல்லிடலாம்." அவர் ஓய்வு பெற்றுப் போவதற்குள் புல் மறுபடி முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. வெட்டச் சொல்லி ஆணை வரவில்லை.

இனி முள்ளெலிகள். சுவரின் ஓட்டைகளின் முன்பு நீங்கள் மாவைத் தூவி வைத்தீர்கள், எது போகிறது எது வருகிறது என்று தடம் பார்க்க. முதலில் பூனை வந்தது. பின்பு எலி வந்தது. ஒருமுறை பாதுகாப்பு அதிகாரியின் காலணித் தடம் மிகத் தெளிவாகப் பதிந்திருந்தது. ஒரு மழைக்காலம் போனது, ஒரு கோடை போனது. வேட்டியில் மட்டும் கூட்டம் பெருகியது. பழுப்பும் வெள்ளையும் இளம்பச்சையுமாக விட்டில்கள், நீள மீசை வண்டுகள், பேராசிரியரே பெயர் தேடித் தவித்த சிறு பூச்சிகள். ஆனால் அவற்றைத் தின்ன வர வேண்டியவை வரவில்லை. இந்த வளாகத்தின் கடைசி முள்ளெலியைத்தான் பால் கொடுத்துக் கொன்றுவிட்டோமோ என்று ஒரே ஒருமுறை எங்கள் முன் கேட்டீர்கள்.

பிறகு ஒரு காலையில் வானொலி உங்கள் மேசையின் முன் வந்து நின்றார். பேசவில்லை. நாங்கள் எழுத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தோம். ஏன் பேசவில்லை என்று கேட்டீர்கள். அவர் வாசலை நோக்கிக் கையை மட்டும் காட்டினார். உடம்புக்கு ஏதோ என்று பயந்து நாங்களும் பின்னாலேயே ஓடினோம். விடுதித் தோட்டத்தை ஒட்டிய ஓட்டையின் முன்னால், தூவிய மாவில், குழந்தையின் கையை விரித்து வைத்தாற்போல ஐந்து விரல் தடங்கள். அவற்றுக்குப் பின்னாலும் பக்கத்திலுமாக, அதே கையின் சின்னஞ்சிறு படிகள். ஒன்றன்மேல் ஒன்று ஏறி மிதித்திருந்ததால் எத்தனை என்று எண்ண முடியவில்லை.

வானொலி அப்போதுதான் வாய் திறந்தார். அவ்வளவு தாழ்ந்த குரல் அவரிடம் உண்டு என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும்.

"குடும்பமா வந்திருக்காங்க அக்கா."

நீங்கள் மண்ணில் உட்கார்ந்துவிட்டீர்கள். அழுதீர்கள் என்று சிலர் சொல்கிறார்கள். இல்லை, குனிந்து தடங்களின் இடைவெளியை அளந்துகொண்டிருந்தீர்கள் என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யக்கூடியவர் நீங்கள் என்பது எங்கள் துணிபு.

அருமைக்குரியவரே, இதற்குமேல் உங்கள் பெருமைகளை அடுக்கினால் மடல் பரணுக்குப் போய்விடும். ஒன்றைச் சொல்லி நிறுத்துகிறோம்.

இன்று விழாவுக்கு வந்த நீங்கள் இந்த அரங்கின் வழக்கமான பக்கக் கதவு பூட்டியிருப்பதைக் கண்டு, இது ஏன் திறக்கவில்லை என்று கேட்டீர்கள். எல்லோரையும் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வரச் சொன்னோம். சாவி தொலைந்துவிட்டதா என்றீர்கள். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். சாவி எங்களிடம்தான் இருக்கிறது. இரண்டு வாரம் முன்பு அரங்கைப் பெருக்க வந்த எங்கள் துப்புரவு அம்மா, சாவித்துவாரத்தை யாரோ ஈரமண்ணால் அடைத்திருப்பதைப் பார்த்தார். குச்சியால் குத்தி எடுத்திருக்கலாம், ஒரு நொடி வேலை. அவர் குத்தவில்லை. சற்றுத் தள்ளி ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்த்தார். சிறிது நேரத்தில் சிறகு முளைத்த கொத்தனார் ஒருவர் வாயில் மண்ணுருண்டையோடு வந்து, பூச்சு வேலையைத் தொடர்ந்தார். துப்புரவு அம்மா கதவில் ஒரு காகிதத்தை ஒட்டினார்: உள்ளே குழந்தைகள், முன்வாசல் வழியாக வரவும். இதற்கு யாரும் ஆணையிடவில்லை. யாரிடமும் அனுமதி கேட்கப்படவில்லை. நீங்கள் வருவதற்குள் காகிதத்தை மட்டும் கிழித்து வைத்தோம்.

உள்ளே இருப்பது குளவியா, தேனீயா, எப்போது வெளியே வரும், ஏன் இத்தனை மரங்களை விட்டுவிட்டு இந்தப் பூட்டைத் தேர்ந்தெடுத்தது என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. பேராசிரியரிடம் கேட்கவில்லை. வேண்டுமென்றேதான் கேட்கவில்லை. பொன்னாடையும் சந்தனப் பேழையும் கொடுப்பவர்கள் கொடுக்கட்டும். எங்களால் ஆன பரிசு இந்தக் கேள்விதான். விழா முடிந்ததும் பக்கக் கதவின் முன் உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் இரண்டு நாற்காலி போட்டிருக்கிறோம். அவர் தன் வேட்டிகளை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வந்ததாகச் சொன்னார், ஆகவே நிம்மதியாக உட்காருவார்.

முழங்கால் வலியில்லாமல் குனியவும், கண்மங்காமல் கூர்ந்து நோக்கவும், நோயின்றி நொடியின்றி நூறாண்டு கடந்தும் நடமாடவும், தெரிந்தவை பெருகப் பெருகத் தெரியாதவையும் உங்களுக்குத் தீராமலிருக்கவும் நெஞ்சார வாழ்த்துகிறோம்.

என்றும் உங்கள் அன்பில்,
கட்டட, தோட்டப் பராமரிப்புத் துறையின் ஊழியர்கள் அனைவரும்